வலப்பக்கத்திலிருந்து வரும் ஒளி

மார்ச் 12, புதன்

ஆய்வகத்தில் புது அறைக்கு மாறிவிட்டோம். மாறினோம் என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். என் முதுகைக் கேட்டால் வேறு கதை சொல்லும். பட்டறைக்காரரும் அவருடைய ஆட்களும் அந்த இரும்பு மேசையை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்து நடு அறையில் நிறுத்தி, "எந்தச் சுவரோரம் போடணும்?" என்று கேட்டார்கள்.

"இடப்பக்கம்," என்றேன் நான். "வலப்பக்கம்," என்றான் என் கணவன். இரண்டும் ஒரே நேரத்தில்.

பட்டறைக்காரர் தன் ஆட்களிடம், "டீ குடிச்சிட்டு வந்துருவோம், வாங்கப்பா," என்றார். விவரமான மனிதர்.

இடச்சுவருக்குப் பின்னால் லிஃப்ட் இருக்கிறதாம். அது ஏறி இறங்கும்போதெல்லாம் மேசை ஆடுமாம், லேசர்க் கதிர் நடுங்குமாம். யாரும் ஏறாத லிஃப்ட் அது. மேல் மாடிக்காரர்கள் உடம்பு இளைக்கப் படியில்தான் போகிறார்கள். லேசர் ஒளிக்கான மெல்லிய படலம் செய்கிறவன் அவன், அதை அளப்பவள் நான். என் மேசை எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? பழைய அறையில் இத்தனை வருடமும் ஒளி இடப்பக்கத்திலிருந்து வந்தது. என் கையும் கண்ணும் அதற்குப் பழகிவிட்டன. இதெல்லாம் அவனுக்கு ஒரு காரணமே இல்லை.

"நீங்க சொல்றது சரிதான். ஆனா லிஃப்ட் இருக்கே," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஆய்வகத்துக்குள் இருவரும் 'நீங்க' போட்டுத்தான் பேச வேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்தபோது செய்துகொண்ட ஒப்பந்தம். கல்லூரியில் ஒரே வகுப்பு என்பதால் வீட்டில் 'நீ, வா, போ'தான். மரியாதையாகச் சண்டை போட எனக்கு வராது. தோற்றுப்போனேன். மேசை வலச்சுவரோரம் போனது. லேசரைக் குளிர்விக்கும் நீர்க்குழாய் மேசையின் வலது மூலைக்குத்தான் எட்டியது, லேசரை அங்கேயே வைத்தோம். ஒளி இனி வலப்பக்கத்திலிருந்துதான் வரும்.

இடம் மாறினால் முதலில் நாற்றக் குப்பியைத் திறப்பது வழக்கம். கார்பன் டைசல்பைடு. அந்தத் திரவம் லேசரில் எப்படி நடந்துகொள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும். அதை அளந்து பார்த்தால் நம் கருவி பொய் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். குப்பியைக் கையில் எடுத்ததுதான் தாமதம், பக்கத்து அறைப் பூஞ்சையம்மா வந்துவிட்டார். பூஞ்சைகளை வளர்த்து ஆராய்கிறவர். பெயர் நாங்கள் வைத்தது. அவருக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

"போன தடவ நீங்க பழைய ரூம்ல அத தொறந்தப்பவே ரெண்டு நாள் எனக்குத் தலவலி. நான் லீவுல போறப்ப தொறந்துக்குங்களேன்."

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்றான் அவன். நானும் சரியென்று தலையாட்டினேன். இன்னொரு சண்டைக்குத் தெம்பில்லை.

மார்ச் 13, வியாழன்

தேநீர்க் கோப்பையை வழக்கமான மூலையில் வைக்கப் போனேன். அங்கே மேசை இல்லை. கோப்பை போயிற்று.

ஏப்ரல் 9, புதன்

பள்ளம் முதலில். மேடு பிறகு.

இன்னொரு முறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். பள்ளம் முதலில். மேடு பிறகு.

நான்கு வருடமாக அவன் படலம் செய்கிறான், நான் அளக்கிறேன். லேசர் குவியும் புள்ளியைத் தாண்டிப் படலத்தை மெல்ல நகர்த்தி, எதிரே உள்ள ஊசித்துளை வழியாக எவ்வளவு ஒளி வருகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு முறையும் கோடு முதலில் மேடாக ஏறும், பிறகு பள்ளத்தில் விழும். மேடு முதலில் வந்தால் படலம் சூடாகி, குழிவில்லை மாதிரி ஒளியை விரிக்கிறது என்று பொருள். சூடு எங்களுக்கு ஆகாது. சூடேறவும் ஆறவும் நேரம் பிடிக்கும். ஒளியாலேயே ஒளியைத் திறந்து மூடும் ஸ்விட்ச் வேண்டுமென்றால் அது கண் சிமிட்டுவதை விடப் பல கோடி மடங்கு வேகமாக நடக்க வேண்டும். சூடு இடையில் வராமல், ஒளியே நேராக எலெக்ட்ரான்களைத் தொட்டுப் படலத்தின் ஒளிவிலகலைக் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டினால் படலம் குவிவில்லையாகும், பள்ளம் முதலில் வரும்.

இந்த முறை அவன் படலத்தை மிக மெதுவாக உலர்த்தியிருந்தான். கோடு கீழே இறங்கத் தொடங்கியபோது நான் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தேன். அவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளத்தின் அடியிலிருந்து மேலே ஏறியபோது, "ஏய், நீ பாக்குறியா?" என்றான். ஆய்வகத்தில். 'நீ' என்று.

புது அறை ராசியான அறைதான் போல. சுவர் விஷயத்தில் மட்டும் நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

படலத்தை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தோம். நாங்கள் தேடியது அதிலும் கிடைத்துவிட்டது. காலைச் சாப்பாட்டில் மகள், "என்னதான் கண்டுபிடிச்சீங்க? ரெண்டு பேரும் சிரிச்சிட்டே இருக்கீங்க, பயமா இருக்கு," என்றாள். பதினாலு வயது. எங்கள் வீட்டில் எதற்கும் லேசில் அசராத ஆள் அவள்தான்.

ஒரு தாளில் வரைந்து காட்டினேன். உள்ளே விடும் ஒளியைக் கூட்டிக்கொண்டே போனால், வெளியே வரும் ஒளி மந்தமாகவே இருக்கும். ஓர் அளவில் சட்டென்று திறந்து பளிச்சென்று வரும். இப்போது குறைத்துக்கொண்டே வந்தால் அதே அளவில் மூடாது. இன்னும் நன்றாகக் கீழே இறங்கினால்தான் மூடும். கூட்டும்போது ஒரு வழி, குறைக்கும்போது ஒரு வழி. இரண்டும் சேர்ந்து ஒரு வளையம். நடுவில் ஓர் அளவு ஒளியை விட்டுவிட்டு, இப்போது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாய் என்று திருப்பிக் கேட்கும்.

"அப்பா மாதிரி," என்றாள். "கோவம் வர ஒரு வார்த்த போதும். அந்த வார்த்தைய வாபஸ் வாங்கினா மட்டும் போகாது. இன்னும் கீழ இறங்கி வரணும்."

"உங்கம்மா மட்டும் என்னவாம்?" என்றான் அவன்.

"அம்மாவுக்கு மூடவே மூடாது."

இயற்பியலை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு வந்தால் இதுதான் கதி.

மே 20, செவ்வாய்

தலைவர் கூப்பிட்டனுப்பினார். ஆய்வகத்தின் தலைவர். நான்கு வருடமாக அவனுடைய படலங்களை 'ஜன்னல் கண்ணாடி' என்றே சொல்லி வந்தவர் இன்று எழுந்து நின்று கை கொடுத்தார். அடுத்த மாதக் கடைசியில் பெரிய கூட்டம். எங்கள் துறையில் யாரெல்லாம் உண்டோ எல்லோரும் வருவார்கள். அதில் அவன் பேச வேண்டும்.

வெளியே வரும்போது தலைவர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "நல்ல வேளை வந்துச்சு. இந்த வருஷமும் ஒண்ணும் வரலன்னா படலம் செய்யற ரூம வேற குழுவுக்குக் குடுக்கறதா முடிவு பண்ணியிருந்தோம்."

அவனிடம் இதைச் சொன்னேன். அவனுக்கு முன்பே தெரியுமாம். நான் கவலைப்படுவேன் என்று சொல்லவில்லையாம். அந்த அறையில் உள்ள உலர்த்தும் பெட்டிக்குக் கதவு கூட அவனே அடித்தது. அது போயிருந்தால் அவன் என்ன ஆகியிருப்பான் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 2, திங்கள்

கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுகிறான். "வெப்பம் அல்ல" என்ற இடத்தில் கையை உயர்த்துகிறான். வேண்டாம் என்றேன். கேட்கமாட்டான்.

ஜூன் 17, செவ்வாய்

வேறொரு ஆய்வகத்திலிருந்து வேகமான டிடெக்டர் ஒன்று இரவல் வந்திருக்கிறது. இதுவரை வளையத்தைப் பார்க்க ஒளியை மிக நிதானமாகக் கூட்டி, நிதானமாகக் குறைத்தோம். எங்கள் பழைய டிடெக்டருக்கு அதற்கு மேல் ஓடத் தெரியாது. வேகமாகக் கூட்டிக் குறைத்து, அப்போதும் வளையம் அப்படியே நிற்கிறது என்று ஒரு படம் எடுத்துவிட்டால் அவன் பேச்சுக்கு அதை விடப் பெரிய பலம் இல்லை. அவனிடம் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன் கையில் கொடுத்து அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

வேகமாக ஓட்டினேன். வளையம் இல்லை.

ஏறிய கோட்டிலேயே இறங்கியது. ஒற்றைக் கோடு. மெதுவாக ஓட்டினால் வளையம் வருகிறது, கொஞ்சம் வேகம் கூட்டினால் ஆட்டம் காண்கிறது, இன்னும் கூட்டினால் காணாமலே போகிறது.

நேரம் கொடுத்தால் வருகிறது. நேரம் கொடுக்காவிட்டால் வருவதில்லை. சூடுதான் அப்படி நடந்துகொள்ளும்.

ஜூன் 18, புதன்

டிடெக்டர்தான் பழுது. இரவல் சாமான் எப்போதும் இப்படித்தான்.

கேபிளை மாற்றினேன். அதுவும் இல்லை.

ஆனால் ஊசித்துளை வழியாக அளந்தபோது பள்ளம்தானே முதலில் வந்தது? சூடாக இருந்தால் மேடல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? அந்த ஒரு சாட்சியை வைத்துத்தானே சூடில்லை என்று சொல்கிறோம்? அந்தச் சாட்சி பொய் சொல்லாது.

சொல்லாதுதானே?

ஜூன் 19, வியாழன்

பூஞ்சையம்மா லீவு. அவன் பயணத்துக்குச் சட்டை வாங்கப் போயிருந்தான். நாற்றக் குப்பியைத் திறந்தேன்.

கார்பன் டைசல்பைடு எங்கள் குறுந்துடிப்பு லேசரில் பள்ளத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும். பாடப் புத்தகத்தில் இருப்பது. என் கண்ணாலேயே எத்தனையோ முறை பார்த்தது.

மேடு முதலில் வந்தது.

கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் புரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தலையைத் திருப்பி மேசையைப் பார்த்தேன். லேசர் வலது மூலையில். ஒளி வலப்பக்கத்திலிருந்து வருகிறது. படலத்தைச் சுமந்து போகும் மோட்டார் வண்டி மட்டும் பழைய அறையில் போனது போலவே இடமிருந்து வலமாகப் போகிறது. அங்கே ஒளி போகும் திசையில் அதுவும் போனது. இங்கே ஒளிக்கு எதிரே போகிறது. கணினிக்கு அதை யாரும் சொல்லவில்லை. முதலில் வரும் பாதியை அது கடைசியிலும் கடைசியில் வரும் பாதியை முதலிலும் போட்டு வரைந்துகொண்டிருந்திருக்கிறது. மேடு–பள்ளத்தைப் பள்ளம்–மேடு என்று.

படலம் மாறவில்லை. மெதுவாக உலர்த்தியதால் எதுவும் நடந்துவிடவில்லை. நாங்கள் அறை மாறினோம், அவ்வளவுதான். ராசியான அறை.

கீழே உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

சொல்லவில்லை.

நேற்று வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்து, உடுத்தியிருந்ததையும் துவைத்துப் போட்டேன். அவன் புதுச் சட்டையைப் போட்டுக்காட்டி, "கலர் ரொம்பத் தூக்கலா இருக்கா?" என்று கேட்டான். "நல்லா இருக்கு," என்றேன். வேறென்ன சொல்வது? "சட்டை நல்லா இருக்கு, படலம்தான் ஜன்னல் கண்ணாடி" என்றா?

செவ்வாய்க்கிழமை கிளம்புகிறான். வியாழன் பேச்சு. பேசிவிட்டு வரட்டும், வந்ததும் நிதானமாக உட்கார்ந்து சொல்லலாம், இரண்டு நாள் அவனும் சந்தோஷமாக இருக்கட்டும் — இப்படி ஒரு மனம் சொல்கிறது. எல்லோர் முன்னாலும் நின்று "வெப்பம் அல்ல" என்று கையை உயர்த்துவானே, அதை நீ வீட்டில் உட்கார்ந்து சகித்துக்கொள்வாயா என்று இன்னொரு மனம் கேட்கிறது.

அதோடு அந்த அறை. இதைச் சொன்னால் அறை போய்விடும். என் வாயால் போகும்.

நாளை ஒரு முறை சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஒரு முறை பார்த்ததை வைத்து ஒருத்தனின் நான்கு வருடத்தை உடைக்கலாமா? கூடாது. சாக்குத் தேடுகிறாய் என்று எனக்கே தெரிகிறது.

ஜூன் 21, சனி

ஆய்வகத்தில் யாருமில்லை. வண்டி போகும் திசையைக் கணினியில் திருத்தினேன். திரவம் பள்ளத்தை முதலில் காட்டியது, நல்ல பிள்ளையாக. அதன் பிறகு அவன் படலத்தை வைத்தேன். மேடு முதலில். மூன்று படலத்திலும் மேடு முதலில்.

திரவத்தை ஊற்றும் அவசரத்தில் ஒரு சொட்டு சட்டை மடிப்பில் விழுந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, உன் மேல என்ன? அழுகின முட்டைகோஸ் வாடை அடிக்குது."

அவன் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தான். என் கையைப் பார்த்தான். பிறகு முகத்தை.

"குப்பிய தொறந்தியா?"

எங்கள் ஆய்வகத்தில் அந்தக் குப்பியை யாரும் சும்மா திறப்பதில்லை. இடம் மாறினால் திறப்போம், இல்லையென்றால் கருவி பொய் சொல்கிறது என்று சந்தேகம் வந்தால்தான். அது அவனுக்குத் தெரியாதா? நான் வாயைத் திறக்கும் முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எப்பலேருந்து?"

"செவ்வாக்கிழமையிலேருந்து சந்தேகம். முந்தாநாள் உறுதியாச்சு. இன்னிக்கு —"

மகள் தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மிச்சத்தையும் சொன்னேன், கூட்டம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்ததையும் மறைக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் இருவரும் ஆய்வகம் போனோம். எல்லாவற்றையும் அவன் முன்னால் திரும்பச் செய்து காட்டினேன். கடைசியில் லேசரை அவனே அணைத்தான்.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னான்: "அளவு தப்பானதுக்கு எனக்குக் கோவம் இல்ல. அது யாருக்கும் ஆகும். நான் அத்தன பேர் முன்னாடி பொய் சொல்லி முடிச்சப்பறம் வீட்ல வச்சு சொல்லலாம்னு இருந்தீங்க இல்ல?"

"ரெண்டு நாள் நீ சந்தோஷமா இரேன்னுதான் —"

"என் சந்தோஷத்தையும் நீங்களே அளந்து குடுப்பீங்களா?"

வீட்டில் 'நீங்க' என்றான். பதினாறு வருடத்தில் வீட்டுக்குள் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் எனக்கு வந்ததில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட நான் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

அந்த அறை போய்விடும் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை அவன். எனக்கு அதுதான் இன்னும் வலிக்கிறது.

ஜூன் 23, திங்கள்

மன்னிப்புக் கேட்டேன். மறைத்தது தப்பு என்று சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"ம்," என்றான்.

மகள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், "இன்னும் கீழ இறங்கணும்மா," என்று கிசுகிசுத்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தாளில் வளையம் வரைந்து காட்டியது என் கைதான்.

ஜூன் 24, செவ்வாய்

கிளம்பிப் போனான். பெட்டியில் புதுச் சட்டையை நான்தான் மடித்து வைத்தேன். கூட்டத்தில் என்ன பேசப் போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்கிற உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன்.

பழைய பேச்சையே பேசுவானா? அப்படிப் பேசினால் அறை தப்பிக்கும். ஓராண்டு, இரண்டாண்டு யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். நான் வாய் திறக்க மாட்டேன் என்றும் அவனுக்குத் தெரியும். அல்லது அளந்தவள் தப்பு செய்துவிட்டாள் என்பானா? அதுவும் உண்மைதான். அளந்தவள் நான்தானே.

இதில் எதைச் செய்தாலும் அவன் மேல் எனக்குக் கோபம் வராது என்று எழுதப் போனேன். பொய். முதலாவதைச் செய்தால் வரும்.

ஜூன் 25, புதன்

போய்ச் சேர்ந்துவிட்டதாக மகளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். மகளுக்கு.

ஜூன் 26, வியாழன்

சாயங்காலம் தலைவர் அங்கிருந்து கூப்பிட்டார். அவரும் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். குரலில் அனல்.

"உங்க வீட்டுக்காரர் மேடைல என்ன பண்ணினார்னு தெரியுமா?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

முதலில் வளையத்தைக் காட்டியிருக்கிறான். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்து என் வேகமான அளவு. வளையம் இல்லாத ஒற்றைக் கோடு. "இது சூடு. நாங்க ஏமாந்துட்டோம். எப்படி ஏமாந்தோம்னு சொல்றேன், நீங்க யாரும் ஏமாற வேண்டாம்," என்று சொல்லிவிட்டு மேசையைப் படமாக வரைந்து, ஒளி எந்தப் பக்கம், வண்டி எந்தப் பக்கம் என்று காட்டியிருக்கிறான். மிச்ச நேரம் முழுக்க அதுதான் பேச்சாம்.

"கேள்வி நேரத்துல ஒருத்தர் எழுந்து, இத அளந்தது யாருன்னு கேட்டார்," என்றார் தலைவர். "உங்க பேரச் சொல்லிட்டு உக்காந்திருக்கலாம். அதச் சொல்லல. மேசைய அந்தச் சுவருக்குத் தள்ளுங்கன்னு அடம் பிடிச்சது நான், அளவுத் திரவத்த அப்பறம் பாத்துக்கலாம்னு சொன்னதும் நான், அப்படின்னார். என்னம்மா இது? எந்தச் சுவரு?"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அழுதேன். தள்ளச் சொன்னது அவன்தான். அது பொய்யில்லை. ஆனால் அடுத்த வாரம் பாத்துக்கலாம் என்றபோது தலையாட்டியது நான். அடுத்த வாரம் வந்து, போய், அதற்கடுத்த மாதமும் போனபோது குப்பியை மறந்திருந்தவள் நான். அளக்கிறவள் நானல்லவா? அதையெல்லாம் எங்கே போட்டான்? மார்ச் மாதத்திலிருந்து நான் குத்திக்காட்டிக்கொண்டே இருந்த அந்தச் சுவரை எடுத்து எல்லோர் முன்னாலும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டானே.

அவனுக்கு, 'தலைவர் பேசினார்' என்று மட்டும் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

வந்துவிட்டான். வாசலில் பெட்டியை வைத்ததும் முதல் வார்த்தை: "சட்டை ரொம்பத் தூக்கல்தான். எல்லாரும் அதையே பாத்தாங்க."

"அந்த மேசை விஷயத்துல நானும்தான் —" என்று ஆரம்பித்தேன்.

"பசிக்குது," என்றான்.

எனக்குக் கோபம் வந்தது, ஆறுதலாகவும் இருந்தது. சாப்பிட்டு முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, "தண்ணி இருக்கா?" என்று கேட்டான். யாரிடம் கேட்டான் என்று தெரியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

படலம் செய்யும் அறை மாதக் கடைசியில் வேறு குழுவுக்குப் போகிறது. தலைவர் அவனைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டாராம். "நீங்க செஞ்சது நேர்மை, ஆனா ரூமு ரூமுதான்" என்றாராம். அவன் இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னான். எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னான், மகளை மட்டும் பார்த்து அல்ல.

ஜூலை 22, செவ்வாய்

அந்தக் கூட்டத்தில் இருந்த இரண்டு குழுவினர் தங்கள் மேசையைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றில் வண்டி தலைகீழாக ஓடிக்கொண்டிருந்ததாம். அவனுக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவன் அதை எனக்குப் படித்துக் காட்டினான். கடைசி வரியை இரண்டு முறை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அறையைக் காலி செய்தோம். பட்டறைக்காரரும் ஆட்களும் வந்தார்கள். உலர்த்தும் பெட்டியைத் தவிர மற்றதெல்லாம் புதுக் குழுவுக்கு. பெட்டியை அவன் யாரையும் தொட விடவில்லை. தானே கதவைக் கழற்றினான், தானே தூக்கினான், நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன்.

"இத எங்க வைக்கணும்?" என்றார் பட்டறைக்காரர். இருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வந்துருவோமா?" என்றார்.

என் அளவு அறையில் இடச்சுவரோரம்தான் காலி இடம். லிஃப்ட் பக்கம். உலர்த்தும் பெட்டிக்கு அசைவு ஒன்றும் செய்யாது. அங்கே வைத்தோம். இனி ஒரே அறைதான் இருவருக்கும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் நான் போவதற்கு முன்பே அவன் போயிருந்தான். மேசையின் விளிம்பில் வெள்ளைப் பெயின்ட்டில் பெரிய அம்பு ஒன்று, வலமிருந்து இடமாக. பெயின்ட் இன்னும் காயவில்லை. அம்புக்குக் கீழே 'ஒளி இந்தப் பக்கம் போகிறது' என்று அவனுடைய கோணல் எழுத்தில். பக்கத்தில் நாற்றக் குப்பி.

"பூஞ்சையம்மா இருக்காங்களே," என்றேன்.

"சொல்லிட்டேன். ஜன்னல தொறந்து வச்சுக்கறேன்னாங்க. அப்பறம், அவங்க பேரு அவங்களுக்குத் தெரியுமாம்."

புதிதாகச் செய்த படலம் ஒன்றைக் கொண்டு வந்திருந்தான், இம்முறை வேறு பொருள். முதலில் திரவத்தை வைத்தோம். பள்ளம், மேடு. சரியாக இருந்தது. பிறகு படலம். மேடுதான் முதலில் வந்தது, சூடுதான். இருவரும் பெருமூச்சு விடவில்லை. அடுத்ததை எப்போது செய்வாய் என்று கேட்டேன், வியாழக்கிழமை என்றான்.

குப்பியை மூடும்போது கேட்டான்: "மேசைய நீ சொன்ன சுவருக்கே மாத்திடலாமா? பட்டறைக்காரர் கீழதான் இருக்கார். பெட்டிய இந்தப் பக்கம் வச்சுக்கலாம்."

இடச்சுவரைப் பார்த்தேன். பெட்டி மேல் அவன் வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் வட்ட வட்டமாகச் சிற்றலை எழுந்து அடங்கியது. யாரோ மேல் மாடிக்குப் போகிறார்கள்.

"வேண்டாம்," என்றேன். "அந்தப் பக்கம் லிஃப்ட் ஆடும்."